பதினோரு பவுண் நாற்பது

ஆறு மாதத்துக்கு ஒருக்கா
லண்டனிலிருந்து ஒரு பதிவுத் தபால்.
பொத்துவில் கந்தோரில் முத்திரை குத்துபவனும் நான்,
பாலம் தாண்டி உல்லைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவனும் நான்.

டெனிஸ் ஹார்க்ரோ, அலைப்பலகை திருத்துமிடம்.
கையொப்பம் கேட்டால்
முதலில் வேறொரு பேர் எழுதுவார். வெட்டுவார். பிறகு சரியானது.
வெட்டியதை ஒருநாள் கேட்டேன்.
டென் றஸ்ட்.
றஸ்ட் என்றால் கறள்,
பத்தொன்பது வயதில் தனக்குத் தானே வைத்த பேராம்.
இந்த ஊர்க் காற்றில்
கேற்றுக்கும் பிணைச்சலுக்கும் என் மோட்டார் சைக்கிள் சைலன்சருக்கும்
அது சும்மாவே கிடைக்கிறது.

உறைக்குள் கணக்கு:
நோர்வே வானொலியில் இரண்டு தடவை,
லீட்சில் ஒரு சலூனில்,
எங்கோ ஒரு கப்பலில்.
கூட்டினால் பதினோரு பவுண் நாற்பது.
"என் பென்சன்" என்றார்,
றெசின் கலக்கும் பேணிக்கு அடியில் மடித்து வைத்தார்.

எழுபத்தெட்டில் அவர்கள் நாலு பேர்.
பாடியவன் சனத்தின்மேல் துப்புவான்;
இப்போது தொலைக்காட்சியில் நடுவர்,
சுருதி விலகுது என்று பிள்ளைகளுக்குப் புள்ளி குறைக்கிறான்.
கிட்டார்க்காரன் தலைமயிரை வெட்டிக் கோட்டுப் போட்டு
காதல் பாட்டுக்குப் போனான்; மூன்று வீடு, நாலு வழக்கு.
ட்ரம்ஸ் அடித்த மோரீன்
ஹல் நகரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள்.
இவர் பேஸ்.
இருபத்திரண்டு மாதம் பாண்டில்,
இருபத்திரண்டு வருசம் அடுத்தவனின் கிட்டாரைச் சுமந்து
மேடைக்குப் பின்னால் இருட்டில் சுருதி கூட்டினார்.
"எங்கள் நாலு பேருக்கும் அப்போது தெரியாத வேலை அது."

றெக்கோட்டில் அவருடைய குரல் ஒரே இடத்தில்தான்:
பாட்டுத் தொடங்க முன்னம்
ஒன், ரூ, த்ரீ, ஃபோர் என்று கத்தியது.
பிறகு, வங்கிக் கண்ணாடிக்குக் கல்லெறியச் சொல்லும்
இரண்டு நிமிசம் ஐந்து செக்கன்.

போன ஓகஸ்டில் தபால் கனத்தது.
பாட்டை ஒரு வங்கி கேட்கிறது, விளம்பரத்துக்கு.
மூன்று பேர் ஒப்பமிட்டாயிற்று, நாலாவது கோடு வெறுமை.
"முபீஸ், நீயென்றால் என்ன செய்வாய்?"
வட்டி ஹறாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
வாசலில் என் மோட்டார் சைக்கிள் நின்றது,
லீசிங்கில் எடுத்தது, இன்னும் பதினெட்டுத் தவணை.
"வெயில் கூட" என்று மட்டும் சொன்னேன்.

அன்றிரவு மோரீன் அழைத்தாளாம்.
முழங்கால் இரண்டும் போய்விட்டன,
ஆஸ்பத்திரி வரிசை ஒன்றரை வருசம்.
கல்லெறிய எழும்பி நிற்கவாவது வேண்டாமா
என்று கேட்டுச் சிரித்தாளாம்.

மறுநாள் கவுண்டருக்கு ஒட்டிய உறை வந்தது.
நிறுத்தேன், முத்திரை ஒட்டினேன்.
உள்ளே ஒப்பம் இருக்கிறதா என்று
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.
பிடித்தேன். தெரியவில்லை.

டிசம்பரில் மகள் போனில் காட்டினாள்.
பாட்டே இல்லை.
ஒன், ரூ, த்ரீ, ஃபோர்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் ஒரு நோட்டைத் தள்ளுகிறது,
பிறகு வங்கியின் பேர்.
பத்தொன்பது வயதுத் தொண்டை, கிழிந்து, கோபமாய்,
காசு எண்ணுகிறது.

பெப்ரவரியில் அடுத்த தபால் கொண்டுபோனேன்.
ஒரு பலகையின் உடைந்த செட்டையை உரசிக்கொண்டிருந்தார்.
விளம்பரத்தைப் பற்றி நான் கதைக்கவில்லை.
மோரீன் நடக்கிறாள் என்றார்,
மாடிப்படி கூட ஏறுகிறாளாம்.
ஒப்பமிட்டார்.
இந்த முறை முதல் பேரை வெட்டவில்லை.
படிவத்தில் அது பிழை; நான் ஏற்றுக்கொண்டேன்.

நேற்று தவணை கட்ட வங்கியில் நின்றேன்.
முன்னால் ஐந்து பேர், மின்விசிறி ஓடவில்லை.
தாள்களை விரித்து எண்ணத் தொடங்கினேன்,
வாய்க்குள்தான்,
ஆனாலும் காவலாளி திரும்பிப் பார்த்தான்.
ஃபோருக்குப் பிறகு
கொஞ்சம் நிறுத்தினேன்,
ட்ரம்ஸ் விழட்டும் என்று.