பாசிட்டிவ்

ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை. அதுதான் முதல் விதி.
ஒன்றின் நோயை என் விரல்
இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது.
நார்த்டேல் கடையில் வாங்கிய பெட்டி
மழைக்கோட்டுப் பையில் நசுங்கிக் கிடக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் முதுகில், மலைக்காட்டு ஓடை.
இரவு ஒன்பதரை.
நொம்பிலோ டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
பாறையிடுக்கில் கைவிட்டு எடுக்கிறாள்.
பிறகு நாக்கைக் கன்னத்தோரம் சொடுக்கிப் பேர் சொல்கிறாள்:
இக்ஸோக்ஸோ.
நான் சொன்னால் அந்தச் சொல் உடைந்துவிடுகிறது.

பஞ்சுக்குச்சி.
வயிற்றில் ஐந்து இழுப்பு, தொடைக்கு ஐந்து,
விரலிடைச் சவ்வுக்கு ஐந்து.
தவளை பொறுத்துக்கொள்கிறது. தொண்டை மட்டும்
துடித்துத் துடித்து எதையோ எண்ணுகிறது.
தோலால் தண்ணீர் குடிக்கிற பிராணி.
தோல் தடித்தால் உடம்பில் உப்புக் குறைந்து
ஓடைக்குள்ளேயே இதயம் நின்றுவிடும்.

தலைப்பிரட்டைகள் கதை வேறு.
அருவி விழுகிற பாறையை
வாயாலேயே கவ்விக்கொண்டு வளர்கிறவை.
லென்ஸில் பார்த்தால் கருப்பாகப் பல்வரிசை தெரியவேண்டும்.
பூஞ்சைக்கு அதுதான் ருசி.
நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்;
இது இன்னும் ஒரு தடவைகூடக் கத்தவில்லை,
அதற்குள் வாயே கெட்டுவிட்டது.
“எழுதிக்கொள்,” என்கிறாள். பதினேழு. பல்: இல்லை.

ஆனாலும் இங்கே பிணங்கள் மிதக்கவில்லை.
வேறு கண்டங்களில்
ஓடைகள் ஒரே பருவத்தில் வாயடைத்துப்போயின.
எங்கள் தவளைகள் அதைச் சுமந்துகொண்டே கத்துகின்றன.
இங்கிருந்துதான் போனது என்றார்கள் ஒருகாலம்.
பிறகு, இல்லை, கொரியா என்றார்கள்.
எனக்குத் தெரியாது. நான் குழாயில் எண் ஒட்டுகிறவள்,
ஓய்வுபெற்ற பிறகும் சனிக்கிழமைகளில்.
எண் ஒட்டிக் கப்பலேற்றுவது பற்றி
எங்கள் குடும்பத்துக்கும் கொஞ்சம் தெரியும்.

அந்தக் காலத்தில் கேப்டவுன் பக்கத்துக் குளங்களிலிருந்து
நகத்தவளைகள் கப்பலேறின, ஊர் ஊரான ஆஸ்பத்திரிகளுக்கு.
பெண்ணின் சிறுநீரை ஊசியில் ஏற்றுவார்கள்.
விடிவதற்குள் முட்டையிட்டால், கர்ப்பம்.
1957 மார்ச்சில், டர்பனில் ஒன்று முட்டையிட்டது.
நர்ஸ் வந்து சொன்னதும் அம்மா கேட்டாளாம்:
“அது பிழைத்துக்கொண்டதா?”
நர்ஸுக்குப் புரியவில்லை. “எது?”

வீட்டில் ஒருவருக்கும் தெரியாதபோது
கண்ணாடித் தொட்டிக்குள் இருந்துகொண்டு
என்னை அறிந்திருந்தது, அந்த எது.

பதினெட்டு. கையுறையைக் கழற்றி, வேறொன்று மாட்டி,
எடுத்த பாறையிலேயே திரும்ப விடுகிறேன்.
திங்கட்கிழமை மெஷின் சொல்லும்,
அதே பழைய இரண்டு சொற்களில் ஒன்றை.

பூட்சை மருந்துத் தண்ணீரில் முக்கியபடி நிற்கிறோம்.
நொம்பிலோ கடிகாரம் பார்க்கிறாள், இன்னும் நான்கு நிமிடம்.
தம்ளரைக் கரண்டியால் தட்டுவதுபோல்
மேலே எங்கோ ஒரு குரல். டிங். டிங்.
பதினெட்டா,
நாங்கள் பிடிக்காமல் விட்ட ஒன்றா,
தெரியவில்லை.