கதவு பூட்டு

சத்துவாச்சாரியில் மீட்டர் படிப்பவன் நான்,
இருபத்திரண்டு வருடமாய்.
எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில்
வாசலுக்கே வந்து எண்ணைச் சொல்லிவிடுவார்கள்,
எல்லாம் மனப்பாடம்.

அமலிக்குக் கண் மஞ்சளானபோது
கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். பதினோரு நாள்.
பிறகு ஸ்கேன்.
கணையம் என்றார்கள்.
அந்தச் சொல்லைக் கடைசியாகப் பார்த்தது
பத்தாம் வகுப்புப் படத்தில்,
அம்புக்குறி போட்டு இரண்டு மார்க் வாங்கினேன்.

ரத்தத்தில் ஒரு எண் இருக்கிறதாம்.
பத்தொன்பது-ஒன்பது என்று அதற்குப் பெயர்.
முப்பத்தேழைத் தாண்டக் கூடாது.
பக்கத்துப் படுக்கை அசன்சோல்காரருக்கு
நாலாயிரத்து நூறு.
மருந்து ஏற ஏற
தொள்ளாயிரம், பிறகு இருநூற்று அறுபது.
குறையும்போதெல்லாம் அவர் மகன்
காந்தி ரோட்டு லாட்ஜ் முழுக்க
லட்டு கொடுத்தான்.

அமலிக்கு இரண்டுக்கும் கீழே.
தாளைப் பிடித்துக்கொண்டு
மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்.
ரீடிங் கம்மி என்றால் பில் கம்மி.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

டாக்டர் கிருபா தாளை இரண்டு முறை பார்த்தார்.
சிலர் ரத்தத்துக்கு
அந்த எண்ணை எழுதவே வராதாம், பிறவியிலேயே.
நூறு பேரில் ஐந்து பேர், பத்து பேர்.
கட்டி வளர்ந்தாலும் எழுதாது,
கரைந்தாலும் எழுதாது.

புரிந்தது.
ஆள் இல்லாத வீட்டுக்கு நாங்கள் போடும் குறிப்பு:
கதவு பூட்டு.
உள்ளே ஃபிரிட்ஜ் ஓடுகிறதா,
அணைக்க மறந்த விளக்கா, தெரியாது.
போன தடவைத் தொகையையே போட்டுவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம்.

அப்போ எதைத்தான் பார்ப்பீங்க என்றேன்.
ஸ்கேன், இன்னொரு ரத்தப் பரிசோதனை, எடை,
அப்புறம் பசி, என்றார்.
பசியையும் ஒரு டாக்டர் எழுதிக்கொள்வதை
அன்றுதான் பார்த்தேன்.

இப்போது தினமும் நான் எடுக்கிற ரீடிங்:
செவ்வாய், இட்லி ஒன்றரை.
புதன், ரசம். அதுவும் வாந்தி.
வியாழன், ஆற்காடு மக்கன் பேடா வேண்டும் என்றாள்.
சர்க்கரை ஏறும் என்றேன்.
ஏறட்டும், ஏதாவது ஒண்ணு ஏறட்டும் என்றாள்.
பாதி தின்று மீதியை என் கையில் வைத்தாள்.
"பாதின்னே எழுது. முழுசுன்னு பொய் எழுதாதே."

நேற்று மூன்றாம் ஃபேஸில் ஒரு வீடு பூட்டு.
எழுதிவிட்டு நகராமல்
இரும்புக் கேட்டில் காதை வைத்து நின்றேன்.
வெயில். பாலாற்று மணல் காற்று.
மோட்டாரோ, வேறென்னவோ,
உள்ளே
ஓடிக்கொண்டிருந்தது.