நாலு மில்லிமீட்டர்

பெரம்பூர் கிளையில்
என் கவுண்டருக்கு நேர் மேலே ஏசி.
பதினோரு வருஷமாய் அது
என் முகத்தில்தான் ஊதுகிறது.
திருப்பி வைக்கச் சொல்லி மூன்று கடிதம் போட்டாயிற்று.
"சென்னையில குளுருதுன்னு புகார் குடுத்த
மொத ஆளு நீங்கதான் மேடம்" என்றார் மேனேஜர்.

வெளியே ஊரே வேர்த்து ஒழுகுகிறது.
சட்டை முதுகோடு ஒட்ட ஒட்ட
நகையைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.
நான் லென்ஸை இடுக்கிக்கொண்டு
கொக்கியில் பொடி, குழலில் அரக்கு
தேடுகிறேன், இமைக்க மறந்து.
மதியத்துக்கு மேல் கண்ணில் மணல்.
அப்புறம் கன்னம் வழியாகக் கொட்டும் நீர்.

காய்ந்த கண்தான் இப்படிக் கொட்டுமாம்.
அயனாவரம் டாக்டர் மெஹருன்னிசா சொன்னார்.
காய்ந்த குழாயில் என்றைக்குத் தண்ணீர் வந்தது?
"இது அவசரத்துக்கு வர்ற லாரித் தண்ணி.
நனைக்கும். தங்காது."

கீழிமையில் ஒரு காகிதத் துண்டை மாட்டி
ஐந்து நிமிடம் மூடியிருக்கச் சொன்னார்.
ஊரார் தங்கத்தை உரைகல்லில் தேய்ப்பவளை
அன்றைக்குத்தான் ஒருவர் உரைத்துப் பார்த்தது.
நாலு மில்லிமீட்டர்.
பத்துக்கு மேல் நனைய வேண்டுமாம்.
என் கணக்கில் ஒன்பது காரட்டு.
நாங்கள் அடகுக்கே எடுக்க மாட்டோம்.

அவர் எழுதிக் கொடுத்த தாளை
லோகோவில் ரயிலேறி
மடியில் விரித்து எடை போட்டேன்.

உடைத்தால் அன்றே எறிய வேண்டிய குட்டிக் குப்பிகள்,
நாளைக்கு ஆறு வேளை சொட்டு.
மாசா மாசம் வட்டி மட்டும் கட்டுவது போல;
அசல் அசையாது.
பால் நிறத்தில் இன்னொரு மருந்து.
முதலில் எரியும், மூன்று மாதம் பொறுத்தால் கேட்கும்.
"கேக்காமலும் போகலாம்" என்றார் அவரே.
அந்த ஒரு வார்த்தைக்கு அரைப் பவுன் கூட்டினேன்.

இமை மூலையில் கடுகளவு அடைப்பான்.
கண்ணீர் மூக்குக்கு இறங்கும் துளையை மூடிவிடுவது.
ஏரிக்கு மதகு போல; யோசனை பிடித்திருந்தது.
ஆனால் உள்ளே புண்ணாயிருக்கும்போது அடைத்தால்
கெட்ட தண்ணீரும் அங்கேயே நிற்கும்.
முதலில் அது ஆற வேண்டும்.

எதுவுமே கேட்கவில்லையென்றால் என்று
தாளின் அடியில் ஒன்று.
என் ரத்தத்தையே எடுத்து
சிவப்பை நீக்கி
தெளிந்ததைச் சொட்டாக்கி எனக்கே தருவது.
வில்லிவாக்கம் தாண்டியும்
அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுடுதுணி ஒத்தடம், பத்து நிமிடம், தினமும்.
அது இலவசம்.
பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு
எந்த வீட்டில் ஒருத்தி உட்கார முடியும்?
அதற்கு விலையே போடவில்லை.

மறுநாள் வியாசர்பாடி ஃப்ளோரன்ஸ்.
புறா பொறித்த தாலி, அதன் சங்கிலி,
மூன்றாம் முறையாக.
கொக்கியில் இருக்கும் பல் தடம்கூட எனக்குப் பழக்கம்.
பதினாறு கிராம் என்று எழுதும்போதே
கொட்ட ஆரம்பித்துவிட்டது.

அவள் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் கைவிட்டாள்.
"அழாதீங்க மேடம். தை பொறக்கறதுக்குள்ள
மூட்டுடுவேன். சத்தியமா."

இது வியாதி, அழுகை இல்லை என்று
சொல்ல வாயெடுத்தேன்.
நீட்டிய கைக்குட்டை
வெயிலில் அவள் பொத்திக்கொண்டே நடந்த சூட்டோடு இருந்தது.
அடுத்தவர் துணி கண்ணில் படக்கூடாது
என்று டாக்டர் தாளிலேயே எழுதியிருக்கிறார்.

ஒற்றிக்கொண்டேன். மூடினேன்.
மணல் கொஞ்சம் இளகியது.
ஏசி எங்கேயோ ஊதிக்கொண்டிருந்தது.
பத்து நிமிடமெல்லாம் இல்லை,
முப்பது வினாடி இருக்கும்.
டோக்கன் நாற்பத்தேழு என்று
இரண்டாம் தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.