வண்டு போன வழி

ஒரு பாதி ராயவரத்திலிருந்து வந்தது,
மழை நாளில், சாக்குப் போர்த்தி.
மறு பாதி நாலு வருஷம் கழித்து
தேவகோட்டை ஏலச் சாமானோடு லாரியில்.
இரண்டும் பர்மாத் தேக்கு.
காரைக்குடிக் கடையில் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன.

பிரிசில்லாதான் பக்கத்தில் பக்கமாக நிறுத்தினாள்.
சிவகங்கை கிராஃபைட் சுரங்கத்தில் வேலை;
கண்ணாடி பீரோ கேட்டு வந்தவள்.

"விளிம்பு சேரலையேம்மா."

"ரம்பம் தின்றது போக
கரையான் தின்றிருக்கும், சிக்கந்தர்.
கரையைப் பார்க்காதீங்க,
தண்ணிக்கு அடியில இருக்கிற விளிம்பைப் பாருங்க."

எந்தத் தண்ணி என்று கேட்கவில்லை.
குனிந்து பார்த்தேன்.
ரேகை இந்தப் பலகையில் வளைந்து
அந்தப் பலகையில் நிமிர்ந்தது.
ஒரு வண்டு இங்கே நுழைந்து
அங்கே வெளியேறியிருந்தது.
நடுவில் இருபது மைல்.

பையிலிருந்து கருங்கல் ஒன்று எடுத்தாள்.
தொட்டால் விரலில் பென்சில் நிறம்.
மடகாஸ்கரிலும் இதுவே கிடைக்கிறதாம்,
அதே உலையில் வெந்தது.
நாக்கு மாதிரி ஓர் இலை
ஆப்பிரிக்கக் கல்லிலும் நம் கல்லிலும்;
அதன் விதையைத் தூக்கிக் கடல் தாண்ட
எந்தக் காற்றுக்கும் தெம்பில்லை.
வடக்கே ஓர் ஆற்றுப் பாறையில்
பனிப்பாளம் இழுத்த கீறல் இன்னும் இருக்கிறதாம்.
சித்திரை வெயிலில்
தகரக் கூரைக்கடியில் நின்று இதைச் சொன்னாள்.

"சரி, தள்ளினது யாரு?"

சிரித்துவிட்டாள்.
"இதைக் கேட்டே ஐம்பது வருஷம் நம்பாம இருந்தாங்க.
கீழே பாறையே கூழா நகருது.
நகம் வளர்ற வேகம்."

பலகையைத் தள்ளியது யாரென்று எனக்குத் தெரியும்:
பாகப்பிரிவினை, அசல் வழக்கு நூற்றுப் பதினாறு.
ராயவரத்துச் சோலையப்பனுக்குப் போன் போட்டேன்.
"அது வேற மரம், இது வேற மரம்" என்றார்.
தேவகோட்டைக்காரரும்
ஒரு சொல் மாறாமல் அதையே சொன்னார்.

அந்த ஒரு சொல் மாறாததை
பிரிசில்லாவிடம் சொல்ல வேண்டும்.
பீரோ எடுக்க வெள்ளிக்கிழமை வருகிறாள்.

நேற்று லாரி போன அதிர்வில்
இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி.
நெருக்கி வைக்கவில்லை.
இரண்டின் மேலும் படுகிற மாதிரி
சாக்பீஸால் ஒரே விலை எழுதினேன்:
ஐந்து இந்தப் பக்கம்,
சைபர்கள் அந்தப் பக்கம்.