இரண்டாமவன்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ராஜாவுக்கு
மூன்று பிள்ளைகள் என்று தொடங்கும்போதே
உங்களுக்குத் தெரிந்துவிடும்,
முதலாமவன் கர்வத்தால் கெடுவான்
மூன்றாமவன் கிரீடம் சூடுவான்.
நான் மற்றவன்.
எண்ணிக்கைக்காகப் பெற்ற பிள்ளை.
அண்ணன் போன வழியிலேயே போய்
அண்ணன் செய்த தவறையே செய்து
அரை வரியில் கல்லானேன்.

கதைக்குக் காலில்லை என்பார்கள்.
உண்டு.
அது நடந்து போய்விட்டது.
காலில்லாமல் நின்றவன் நான்தான்,
முழங்கால்வரை பாசி.
தம்பி தண்ணீர் தெளித்துவிட்டுப் போனானாம்;
நான் கண் விழித்தபோது
கல்யாண விருந்தின் எலும்புகளை
நாய்கள் இழுத்துக்கொண்டிருந்தன.

இப்போது கௌனஸ் நகரத்தில்
டிராலிபஸ் டிப்போவில் இரவு வேலை.
பதினோரு வண்டி கழுவ வேண்டும்.
இருக்கைக்கடியில் கிடைப்பவை
ஒற்றைக் கையுறை, சூரியகாந்தி விதைத் தோல்,
ஒருமுறை ஒரு பல்செட்.

குடியேற்ற அலுவலகத்தில் ரமுனே கேட்டாள்:
பிறந்த நாடு?
ஏழு மலை தாண்டி, என்றேன்.
நிமிராமல் தட்டினாள்: மலைப்பகுதி.
தொழில்?
கல்லாக இருந்தேன்.
வேலை அனுபவம் இல்லை என்று பதிந்துகொண்டாள்.
அது அநியாயம்.
அசையாமல் நிற்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

உர்ஷுலேயும் அங்கிருந்து வந்தவள்தான்.
இளவரசியின் உடையைத் திருடி உடுத்தி
மூன்று நாள் ராணியாக இருந்த பணிப்பெண்.
ஆணி அடித்த பீப்பாயில் அடைத்து
மலையிலிருந்து உருட்டச் சொன்னது கதை.
பீப்பாய் எங்கே உடைந்தது, எப்படித் தப்பினாள்,
நான் கேட்டதில்லை.
சலவைக்கடையில் ஊரார் சட்டைகளுக்கு
இஸ்திரி போடுகிறாள்.
ஒன்றைக்கூட உடுத்திப் பார்த்ததில்லை என்று
அவளாகவே சொல்வாள், மாதம் ஒரு தடவை.
ஞாயிற்றுக்கிழமைகளில் நெமுனஸ் ஆற்றோரம் நடப்போம்.
பீர் லாரி கடந்தால்
என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள்.

போன பிப்ரவரியில், மைனஸ் பத்தொன்பதில்,
ஐந்தாவது வண்டியின் பின்னிருக்கையில்
ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான்.
தோளைத் தட்டினேன்.
என் தம்பி.
கிரீடம் இல்லை; அது அழுத்திய தழும்பு நெற்றியில்.
என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.
எண்ணிக்கையில் வந்தவன் முகம்
யாருக்கு நினைவிருக்கும்?

‘சுகமாக வாழ்ந்தார்கள்’ என்பது ஒரே வாக்கியம்,
தெரியுமா, என்றான்.
காலையில் எழுந்தாலும் அதே வாக்கியம்.
சண்டை போட வாய் திறந்தாலும் அதே வாக்கியம்.
அவள் எனக்கு இரண்டு எழுத்து தள்ளி நின்றிருந்தாள்,
கை எட்டவில்லை.
முற்றுப்புள்ளியைச் சுரண்டிச் சுரண்டி
நகம் போனபின் ஒரு ஓட்டை.
அது வழியே வந்தேன்.

பிறகு கேட்டான்:
சாப்பிட ஏதாவது இருக்கிறதா?

காட்டுப்பாதையில் கந்தல் போர்வைக்குள்ளிருந்து
யாரோ கேட்ட,
நான் இல்லையென்று சொன்ன,
என்னைக் கல்லாக்கிய அதே கேள்வி.
பையில் கறுப்பு ரொட்டி இருந்தது,
கொஞ்சம் பன்றிக்கொழுப்பு.
விடியும்வரை எனக்கு அதுதான்.
யோசித்தேன். யோசிக்கவில்லை என்றால் பொய்.
இன்னும் ஏழு வண்டி பாக்கி.

பாதியைப் பிய்த்துக் கொடுத்தேன்.
பெரிய பாதி எனக்கு.

பறவை எதுவும் பேசவில்லை.
கந்தல் உதிர்ந்து தேவதை எழவில்லை.
அவன் மென்றான். தாடியில் துணுக்கு.
வாளித் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.
காலைத் தூக்கு, என்றேன்,
தரை துடைக்கணும்.

தூக்கினான்.