வலை அடங்கும் வரை

அரௌசா கழிமுகத்தில் நச்சுப்பாசி பூத்தால்
மட்டிகள் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும்.
அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.
தின்றவனுக்குத்தான்.
பார்த்தால் தெரியாது, மோந்தாலும் தெரியாது,
ஆய்வகத்துக்கு மட்டும் தெரியும்.
எந்தப் பகுதி திறப்பு, எது மூடல் என்று
தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு
ஒரு பக்கத்தில் போடுவார்கள்.

கூட்டுறவு அலுவலகத்தில் நான்தான் கணினிக்காரி.
முப்பத்தொரு படகுகள்.
பக்கத்தைப் பார்த்து முப்பத்தொரு பேருக்குச் சொல்ல
நாலே முக்காலுக்கு எழ வேண்டும்.
மாட்டேன் என்று
பதினேழு வரியில் ஒரு நிரல் எழுதினேன்:
பக்கத்தைக் கொண்டு வா.
அதில் 'மூடல்' என்ற சொல்லைத் தேடு.
இருந்தால் சிவப்பு என்று அனுப்பு,
இல்லையென்றால் பச்சை.

மூன்று வாரம் பச்சை.
உண்மையிலேயே திறந்துதான் இருந்தது,
அதுதான் வினை.
மூன்று வாரம் நான் நன்றாகத் தூங்கினேன்.

இருபத்திரண்டாம் நாள்
உஷியோ நாலு டன் மட்டியோடு கரைக்கு வந்தார்.
துறையில் கார்மே நின்றிருந்தாள்,
கையில் முத்திரை குத்திய தாள்.
ஒன்பதாம் பகுதி நேற்றிரவே மூடியாயிற்று.
வலைப்பைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி ஏற்றினார்கள்.
அந்தச் சத்தம், சரளைக் கல் கொட்டுகிற சத்தம்.
உஷியோ கத்தவில்லை.
"சபேலா, பக்கத்தைப் பார்த்தாயா?"
"பார்த்தேன்."
"நீயா, உன் நிரலா?"

அன்றிரவுதான்
நிரல் எதைக் கொண்டுவந்தது என்று திறந்து பார்த்தேன்.
மேலே ஒரு தலைப்பு,
நடுவில் ஒரு காலிப் பெட்டி,
கீழே நாலு முகவரிகள்,
மீதியை அங்கே போய்க் கேள் என்று.
சோறு கேட்டிருக்கிறேன்.
பானையைக் கொடுத்து
அரிசிக்கடைக்கு வழியும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம்;
நானோ
வெறும் பானையை மோந்துவிட்டு
ஊசிப்போகவில்லை என்று
மூன்று வாரமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தலையில்லாத உலாவி என்று ஒன்று உண்டு.
திரை கிடையாது, சாளரம் கிடையாது,
ஆனாலும் யாரோ எதிரே உட்கார்ந்திருப்பதாகப் பக்கம் நம்பும்.
நம்பி, இருட்டில்
தன்னைத் தானே வரைந்துகொள்ளும்.
அடுப்பு பற்றும், உலை கொதிக்கும்.
சரி, எப்போது இறக்குவது?

இரண்டு நொடி காத்தேன்: கரைக்கோடு வந்தது.
ஐந்து நொடி: நிறங்கள் வந்தன.
ஞாயிற்றுக்கிழமை பத்து நொடி போதவில்லை.
கையேட்டில் ஒரு வழி போட்டிருந்தது:
வலை அடங்கும் வரை காத்திரு.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
இந்தத் துறையில் என்றைக்கு அடங்கியது வலை?
பக்கத்தின் மூலையில் ஒரு காற்றுமானி,
நொடிக்கொரு முறை
எங்கோ ஒரு வழங்கியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது,
அம்மா எங்கே அம்மா எங்கே என்று.
அது ஓயப்போவதில்லை.
விடியும் வரை நானும் என் நிரலும்
அது ஓயும் ஓயும் என்று உட்கார்ந்திருந்தோம்.

பிறகு மாற்றி எழுதினேன்.
அமைதிக்குக் காத்திருக்காதே.
ஒன்பது என்ற எண்ணுக்குக் காத்திரு.
அதன் பக்கத்தில் ஒரு சொல் வந்து உட்காரும் வரை காத்திரு.
அரை நிமிடத்தில் வராவிட்டால்
பச்சை என்று சொல்லாதே.
சிவப்பு என்றும் சொல்லாதே.

நிரல் இப்போது நாற்பத்துநாலு வரி.
நாலே முக்காலுக்கு நானும் எழுகிறேன்,
சும்மா, பக்கத்தில் இருக்கலாம் என்று.

வியாழன் காலை மழை.
ஆய்வகத்தின் வழங்கி முடங்கிக் கிடந்தது.
ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு
முப்பத்தொரு கைபேசிகளுக்கும் ஒரே சொல் போயிற்று:
தெரியவில்லை.

துறையில் எந்தப் படகும் கயிறு அவிழ்க்கவில்லை.
முதல் பதில் உஷியோவிடமிருந்து:
"எனக்கும்தான். காபி போடு, வருகிறேன்."