எடுத்துப் போகாத பிரதி

வெள்ளவத்தையில், கடல்பக்க ஒழுங்கைக்குள், மூன்றாவது கடை.
போட்டோக்கொப்பி, லமினேற்றிங், ஸ்பைரல்.
கம்பஸ் பிள்ளைகளுக்குக் கட்டி மட்டை, பொன்னெழுத்து.
ரயில் போகும்போது வெட்டுமெசினை நிறுத்திவிடுவேன்,
இல்லையென்றால் ஓரம் கோணும்.

பதினொரு வருசத்தில் எத்தனை ஆய்வேடு கட்டினேனோ.
கடுநீலம் ஒரு கம்பஸ், மெரூன் இன்னொன்று.
பச்சை கேட்டவர்கள் இப்போது வருவதில்லை,
அந்தக் கட்டடம் கல்யாண மண்டபமாகிவிட்டது.

மேல்தட்டில் ஒன்று கிடக்கிறது.
கு. கிருசிகன், இரண்டாயிரத்து இருபத்திரண்டு.
மூன்று பிரதிக்கு முன்பணம் தந்தான்,
இரண்டை எடுத்துக்கொண்டு,
"மற்றதுக்கு நாளைக்கு வாறன் அக்கா" என்றான்.
பெற்றோல் வரிசை வருசம் அது.
நாளைக்கு என்று எல்லோரும்தான் சொன்னோம்.

என்ன ஆய்வு என்று நான் பார்க்கவில்லை.
அச்செழுத்து அடுக்குகிறவளுக்குத் தலைப்பு
வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தாகத்தான் தெரியும்.

இந்த வருசம் மகளுக்கு உயர்தரப் பெறுபேறு வந்தது.
வெட்டுப்புள்ளிக்கும் அவளுக்கும் நடுவே
பூச்சியம் தசம் பூச்சியம் நான்கு.
"முல்லைத்தீவில் எழுதியிருந்தால் கிடைத்திருக்கும்"
என்றாள் பக்கத்துக் கடை பவுசியா, ஆறுதல்போல.

காலி வீதியில் கண்ணாடிக் கட்டடம்.
வரவேற்பு மேசையில் குளிர்காற்று, கிண்ணம் நிறைய ரொபி.
இருபத்தெட்டு லட்சம், தவணையாகவும் கட்டலாம்.
"பதிவுக் கட்டணம் மட்டும் பவுணில்" என்றது அந்தப் பிள்ளை.
நான் என் காப்பைப் பார்த்தேன்.
"இல்லை அன்ரி, இங்கிலாந்துப் பவுண்."
மகள் சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு பஸ் ஏறிய பிறகுதான் வந்தது.

அன்றிரவு கணக்குக் கொப்பி தேடி ஏணியில் ஏற
கிருசிகன் கையில் தட்டுப்பட்டான்.
முதன்முறையாக இடமிருந்து வலமாக வாசித்தேன்:
கொழும்பு மாவட்டத்தில்
தனியார் பட்டப்படிப்பின் செலவும் பலனும்.

ஆங்கிலம்தான். விரல் வைத்துப் போனேன்.
நாலாம் அத்தியாயம், ஏழாம் அட்டவணை:
போட்ட காசு திரும்ப
சராசரியாக நூற்றிமூன்று மாதம்.
எட்டு வருசமும் ஏழு மாதமும்.
படிக்கலாமா கூடாதா என்று அறியக் கடைசிப் பக்கத்துக்கு ஓடினேன்.
மேலும் ஆய்வு தேவை என்று முடித்திருந்தான்
பாவி.

பின்னிணைப்பில்தான் ஆட்கள் இருந்தார்கள்.
பதினேழாம் ஆள்: கடன் முடிந்த பிறகுதான் கல்யாணம்.
முப்பதாம் ஆள்: படித்தது ஒன்றும் வேலைக்கு உதவவில்லை.
நாற்பத்தோராம் ஆள், பெண், கிராண்ட்பாஸ்:
நான் சொன்னது பிழையென்று
ஒரு விரிவுரையாளர் ஒரு மணித்தியாலம் வாதாடினார்.
அதுவரைக்கும் என் சொல்லை
பிழை பிடிக்கும் அளவுக்குக்கூட ஒருவரும் கேட்டதில்லை.

அவள் எந்த அட்டவணைக்குள் போனாள் என்று தேடினேன்.
எதற்குள்ளும் இல்லை.

பற்றுச்சீட்டில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தேன்,
உனக்குக் காசு திரும்பியதா தம்பி என்று கேட்க.
சிங்களத்தில் ஒரு குரல், தூக்கக் கலக்கத்தில்.
அப்படி யாரும் இங்கே இல்லையாம்.

காலையில் மகளிடம் கொடுத்தேன்.
தேத்தண்ணி ஆறமுன் நிமிர்ந்தாள்.
"இது பிழை அம்மா. சம்பள உயர்வைச் சேர்க்கேல்லை."
"வட்டியையும்தான் சேர்க்கேல்லை" என்றேன்.
"அது வேற கணக்கு."
"எனக்கு அதுதான் கணக்கு."
கடை திறக்கப் பிந்திவிட்டது.
வாசலில் மூன்று பேர் அடையாள அட்டையோடு நின்றார்கள்,
நாங்கள் இன்னும் விடவில்லை.

செட்டியார் தெருவில் காப்பை நிறுத்துப் பார்த்தார்கள்.
இரண்டு தவணைக்குக் காணும்.
மூன்றாவதைப் பற்றி
கிருசிகன் எழுதியதைத்தான் நானும் சொல்வேன்.

புதிதாக ஒட்டிய மெரூன் மட்டைகளுக்கு மேல்
இப்போது அவனை வைத்திருக்கிறேன், பசை காயும்வரை.
பாரமான புத்தகம்.
நன்றாக அமர்த்துகிறது.